எண்ட் பிட்

ஒரு எஃகுக் கம்பி உருக்காலையை விட்டுக் கிளம்பும்போது அதன் பெயர் ஒரு முனையில் மட்டும்தான் இருக்கும். பெயர் என்றால் ஹீட் நம்பர். ஒரே உலையில் ஒரே வேளையில் உருக்கி ஊற்றிய எஃகு முழுவதற்கும் ஒரே நம்பர். அதில் குரோமியம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு, இழுத்தால் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்பதெல்லாம் அந்த நம்பரின் பேரில் ஒரு சான்றிதழில் இருக்கும். பட்டறையில் கம்பியை அறுக்கும்போது பெயர் இல்லாத முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அறுத்த ஒவ்வொரு துண்டிலும் அந்த நம்பரை மறுபடி பஞ்ச் பண்ண வேண்டும். கடைசியில் ஒரு அடிக்கும் குறைவாக, எதற்கும் உதவாத ஒரு துண்டு மிஞ்சும். அசல் எழுத்து அதில்தான் இருக்கும். எண்ட் பிட் என்பார்கள். பெரும்பாலும் எடை போட்டுப் பழைய இரும்புக்குப் போய்விடும்.

நான் வேலை பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நடுத்தர மெஷின் ஷாப்பில். லேத்தில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அறையில். எந்தக் கம்பி எந்தப் பட்டறைக்குப் போனது, எந்தப் பெட்டியில் என்னவாகத் திரும்பி வந்தது என்று கணினியில் ஒரு மாதிரி கட்டி வைப்பதுதான் என் வேலை. டிரேசபிலிட்டி. நம் மொழியில் தடம் பிடிப்பது.

வெளியிலிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் பெரிய கேட்டுகள்தான் தெரியும். 1949இல் அம்பத்தூருக்கு வந்த டிஐ சைக்கிள்ஸ், 1960களில் பாடியில் வரிசையாக எழுந்த பிரேக், வீல், போல்ட் கம்பெனிகள், அதே பத்தாண்டில் ஆவடியில் டாங்க் செய்யத் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை. ஆனால் அந்தக் கேட்டுகளுக்குள் போகிற பொருளில் பாதி, பட்டரவாக்கத்திலும் கொரட்டூரிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின் வைத்திருக்கும் ஆட்களின் கையில் பிறக்கிறது. ஜாப் ஒர்க். கம்பி ஒரு குடோனிலிருந்து வரும், கடைசல் ஓரிடம், மரை போடுவது வேறிடம், ஆசிட்டில் கழுவுவது இன்னோரிடம். ஒரு போல்ட் அட்டைப்பெட்டியில் அடுங்குவதற்குள் ஐந்தாறு கை மாறிவிடும். நடுவில் போய் வருவது டாடா ஏஸ் வண்டியும் டெலிவரி சலானும்தான்.

இதைக் கணினியில் வரைவது கேட்பதற்கு எளிது. ஒவ்வொரு லாட்டும் ஒரு புள்ளி, ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு கோடு. குடும்ப மரம் மாதிரி. ஒரு லாட் இரண்டாகப் பிரிந்தால் பிரச்சினையே இல்லை, தாய் ஒன்றுதான். சிக்கல் சேரும்போதுதான். இரண்டு ஹீட் நம்பர் துண்டுகளை ஒரே டப்பாவில் கொட்டிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து இரண்டும் ஒன்று. ஒன்றில் கோளாறு என்றால் இரண்டையுமே சந்தேகப்பட வேண்டும். ஒரு டப்பாவில் 100 துண்டு, அடுத்த பட்டறையில் அப்படி ஐந்து டப்பா ஒன்றாகச் சேர்கிறது என்று வையுங்கள். ஒரே ஒரு கெட்ட கம்பிக்காக 500 துண்டைத் தூக்கிப் போட வேண்டி வரும். எத்தனை இடத்தில் சேர்க்கிறோம், அதனால் சந்தேகம் எவ்வளவு பரவுகிறது என்று கணக்கிடுவதுதான் என் மாதிரியின் உயிர்நாடி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஓர் ஏற்றுமதியாளர் வழியாக ஒரு டிராயிங் வந்தது. 24 மில்லிமீட்டர் தடிமன், 45 சென்டிமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் மரை. பொருள் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 200 எண்ணிக்கை. பெயர் இருந்த இடத்தில் 'கீல் ஸ்டட்' என்று போட்டிருந்தது. ஷாப்பில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. சூப்பர்வைசர், "எதுக்கோ மாட்டுவான், நமக்கு என்ன, அளவு வந்தா போதும்" என்றார். நான் தேடிப் பார்த்தேன். பாய்மரப் படகின் அடியில் தொங்கும் கனமான துடுப்பு மாதிரி ஒன்றுதான் கீல். நம் கடற்கரையில் ஏரா என்று சொல்வது படகின் அடிக்கட்டையை. யாட்டில் அந்த இடத்தில் டன் கணக்கில் இரும்போ ஈயமோ தொங்கும். அதைப் படகோடு பிடித்து வைத்திருப்பது இந்த ஸ்டட்கள்தான்.

அப்புறம் ராத்திரிகளில் யாட் வடிவமைப்பைப் பற்றிப் படிக்கிற கிறுக்கு பிடித்துக்கொண்டது. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும், அம்பத்தூர்க்காரனுக்கு அதிகம் பழக்கமான நீர்ப்பரப்பு ஏரிதான். ஆனால் அந்தக் கணக்கு என்னை இழுத்தது. காற்று பாயைத் தள்ளுகிறது, தண்ணீர் படகைத் தடுக்கிறது. இரண்டும் சமமாகிற வேகம்தான் படகின் வேகம். அதே காற்று படகைச் சாய்க்கிறது, கீலின் எடை நிமிர்த்துகிறது. இரண்டும் சமமாகிற கோணம்தான் சாய்வு. ஆனால் வேகம் மாறினால் படகு உணரும் காற்றே மாறிவிடும். காற்று மாறினால் சாய்வு மாறும், சாய்வு மாறினால் தண்ணீரின் தடை மாறும். அதனால் ஒரே தடவையில் விடை வராது. ஒரு வேகத்தை யூகித்து, பொருந்தவில்லை என்றால் திருத்தி, மறுபடி திருத்தி, இரண்டு சமன்பாடும் ஒத்துப்போகும் வரை கணினி சுற்றிக்கொண்டே இருக்கும். 1970களில் அமெரிக்காவின் எம்ஐடியில் இப்படியொரு நிரலை எழுதினார்கள். இன்றைக்கும் யாட் வடிவமைப்பவர்களுக்கு அதன் வாரிசுகள்தான் அடிப்படை.

அந்த நிரல்களுக்குத் தண்ணீரின் தடை எப்படித் தெரியும்? சும்மா தெரியாது. 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீயில் வில்லியம் ஃப்ரூட் என்பவர் நீளமான தொட்டி கட்டி, சின்னச் சின்ன மாதிரிப் படகுகளை இழுத்துத் தடையை அளந்தார். நூறு வருஷம் கழித்து நெதர்லாந்தின் டெல்ஃப்டில், கொஞ்சம் கொஞ்சமாக வடிவத்தை மாற்றிச் செய்த ஐம்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைத் தொட்டியில் இழுத்து, ஒவ்வொன்றின் அளவையும் எழுதி வைத்தார்கள். கணினிக்குள் ஓடுவது அந்தப் பதிவேடுகளிலிருந்து வந்த எண்கள். யாரோ அளந்ததை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் மாதிரி பேசுகிறது.

எங்கள் ஸ்டட்டுக்கு நானே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீல் 2.5 டன், அதன் எடை மையம் படகின் அடியிலிருந்து 1 மீட்டர் கீழே. அலை அடித்துப் படகு 90 பாகை சாய்ந்து படுத்துவிட்டது என்று வையுங்கள். யாட் கீல்களுக்கான ஐஎஸ்ஓ 12215-9 தரவிதியும் இந்த நிலையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. போல்ட் வரிசைக்குக் கிடைக்கும் கை 20 சென்டிமீட்டர்தான். அப்படியானால் 2.5 டன் எடை அங்கே 12.5 டன் இழுவையாகிவிடும். ஐந்து ஸ்டட் அதைத் தாங்கினால் தலைக்கு 2.5 டன். 24 மில்லிமீட்டர் மரையின் குறுக்குப் பரப்பில் அது சுமார் 70 மெகாபாஸ்கல். 316 விட்டுக்கொடுக்கும் அளவு குறைந்தது 205. தாராளம்.

இங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது. வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளில் 304உம் உண்டு. அதற்கும் இதே 205தான். நிரலில் 316க்குப் பதில் 304 என்று போட்டாலும் அதே பச்சை டிக்தான் வரும். கண்ணுக்கும் இரண்டும் ஒன்று, காந்தத்துக்கும் ஒன்று. வித்தியாசம் 316இல் இருக்கும் 2, 3 சதவீத மாலிப்டினம். காற்றுப் புகாத ஈர இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கும்போது எஃகின் மேலிருக்கும் காப்புப் படலம் உடையும். மாலிப்டினம் அதைத் தள்ளிப்போடும். கீல் ஸ்டட் இருப்பதே அப்படியொரு இடுக்கில்தான். ஆக, வலிமைக் கணக்குப் போடும் மாதிரிக்குத் தெரியாத ஒன்றை ஹீட் நம்பர் மட்டும்தான் சொல்ல முடியும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2014 மே மாதம் சீக்கி ரஃபிகி என்ற 40 அடி யாட் ஆண்டிகுவாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும்போது அட்லாண்டிக் நடுவில் கீல் கழன்று கவிழ்ந்தது. நான்கு பேர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் விபத்து விசாரணை அமைப்பு அடுத்த வருஷம் அறிக்கை தந்தது. உறுதியான காரணம் சொல்ல முடியவில்லை. படகு முன்பு தரைதட்டியது, அதற்குப் பிறகு நடந்த ரிப்பேர்கள், போல்ட் கெட்டுப் போயிருக்கும் வாய்ப்பு எல்லாம் சேர்ந்து கீலின் பிடிப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்றது. அந்தப் படகின் வடிவமைப்புக் கணக்கில் இவற்றில் எதுவும் இருந்திருக்காது. ஒரு பொருளுக்கு நடந்ததெல்லாம் யாரோ எழுதி வைத்தால்தான் உண்டு.

200 ஸ்டட்டும் போய் இரண்டு மாதம் கழித்துப் புகார் வந்தது. அங்கே உலோகத்தைச் சுட்டுப் படிக்கும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் எல்லாவற்றையும் சோதித்ததில் 24 ஸ்டட்டில் மாலிப்டினம் இல்லை. 304. நல்லவேளை, எதுவும் படகில் ஏறவில்லை.

மீட்டிங்கில் என் மாதிரியைத் திரையில் போட்டார்கள். குடோன், சான்றிதழ் உண்டு. எங்கள் ஸ்டோர், பதிவு உண்டு, கட்டுக்கு ஒரு கம்பி வீதம் சோதித்த ரிப்போர்ட்டும் உண்டு. மரை, ஆசிட், எல்லாவற்றிலும் தேதி, நேரம், கையெழுத்து. பட்டரவாக்கத்துக் கடைசல் பட்டறை மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. தகவல் இல்லை என்பதற்கு அந்த நிறம். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை, சலானில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். "தகவல் இல்லைன்னா தப்பு அங்கன்னு அர்த்தம் இல்ல சார்" என்று சொன்னேன். மேனேஜர் சிரித்தார். "316 என்ன விலை, 304 என்ன விலை? எங்க மாறியிருக்கும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்." அன்றைக்கே அவருக்கு வேலை நிறுத்தப்பட்டது. பழைய பில்லும் நிறுத்தப்பட்டது. திருடன் என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

மறுநாள் அவரே போன் பண்ணினார். "தம்பி, நான் உங்கள மாதிரி படிச்சவன் இல்ல. ஆனா என்கிட்டயும் கணக்கு இருக்கு. வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். இரண்டாவது லேத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் சாக்கு. கவிழ்த்துக் கொட்டினார். 34 எண்ட் பிட். நாங்கள் முழுக் கம்பியாகவே அனுப்பியிருந்தோம், அறுத்தது அவர்தான். "எதுக்குண்ணே இதையெல்லாம் வெச்சிருக்கீங்க?" என்றேன். "ஸ்க்ராப் எடை கொறஞ்சா கூலியில புடிப்பாங்க. முன்ன ஒரு எடத்துல புடிச்சிருக்காங்க. பில்லு தீர்ற வரைக்கும் எண்ட் பிட்ட நான் குடுக்க மாட்டேன், எப்ப கேட்டாலும் எடை போட்டுக் காட்டலாம்ல."

3 மீட்டர் கம்பியில் 45 சென்டிமீட்டர் துண்டு ஆறு வரும். 24ஐ ஆறால் வகுத்தால் நான்கு. நான்கு கம்பி. எண்ட் பிட் மேலே மாலிப்டினம் சோதிக்கும் திரவத்தைச் சொட்டுவிட்டு பேட்டரியைத் தொட்டு வைத்துப் பார்த்தோம். முப்பதில் நிறம் மாறியது. நான்கில் மாறவில்லை. அந்த நான்கிலும் குடோன்காரர் அடித்த 316 ஹீட் நம்பர்தான் இருந்தது. அதே பஞ்ச், வால் உடைந்த அதே 3. கம்பி எங்கள் ஸ்டோருக்குள் நுழையும் முன்பே பெயர் மாறியிருந்தது. நாங்கள் கட்டுக்கு ஒன்று சோதித்தபோது அந்த நான்கும் கையில் சிக்கவில்லை.

பில் வந்துவிட்டது. வேலை திரும்ப வர இன்னும் இரண்டு மாதமானது. அதற்குள் அவர் ஒரு லேத்தை விற்றிருந்தார்.

தடம் பிடிக்கும் மாதிரி, தப்பு நடந்த இடத்தைக் காட்டுவதில்லை. காகிதம் முடிகிற இடத்தைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்தால், காகிதம் குறைவாக வைத்திருப்பவன்தான் எப்போதும் குற்றவாளி. காகிதம் அதிகம் இருப்பவர்கள் அதிலேயே ஒளிந்துகொள்ளவும் முடியும். ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் கதை அதுதான். ஓடும்போதே வண்டி அணைந்துபோகும் கோளாறு. 2006இல் உள்ளே இருந்த ஒரு பாகத்தை மாற்றினார்கள், பார்ட் நம்பரை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே பெயர். கம்பெனி 2014இல்தான் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது, சுமார் 26 லட்சம். நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்த ஒரு பதிவேடுதான் அது.

எந்தத் துண்டும் மிஞ்சாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. துறைமுகம் வரும் முன்பு மெட்ராஸ் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்தது. அலை அடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். 2025இல் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ்வி கௌண்டின்யாவும் தைத்த கப்பல்தான். அந்தக் காலத்துக் கப்பலுக்கு வரைபடம் எதுவும் இல்லை, அஜந்தாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றுதான் ஆதாரம். அதிலிருந்து வடிவத்தைப் பின்னோக்கிக் கட்டி, ஐஐடி மெட்ராஸின் கடல்சார் பொறியியல் துறையில் மாதிரி வைத்துச் சோதித்தார்கள். தைத்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அறிவு அவர்கள் விரலில் இருந்ததால் மட்டும்தான் அது சாத்தியமானது. என் மாதிரியில் அவர்களையும் வரைந்தால் சாம்பல் நிறத்தில்தான் வருவார்கள்.

இப்போது எங்கள் மாதிரியில் ஒவ்வொரு கம்பிக்கும் எண்ட் பிட் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆர்டர் முடிந்து ஆறு மாதம் வரை வைத்திருக்க வேண்டும் என்று எல்லா ஜாப் ஒர்க் பட்டறைக்கும் கடிதம் போயிருக்கிறது. வைக்கிற இடத்துக்கு வாடகை யார் தருவது என்று அதில் எழுதவில்லை. பட்டரவாக்கத்து அண்ணன் அதைப் படித்துவிட்டு எனக்கு போன் பண்ணி அதைத்தான் கேட்டார். மேலே கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.