காத்திருக்கத் தெரிந்தவனுக்கு உள்ள வேலை

ராணுவ ஆள்சேர்ப்புக்கு ஓடிப் பழக வரும் பையன்களிடம் என்ன ஆக வேண்டும் என்று கேட்டால், பத்தில் நான்கு பேராவது “கமாண்டோ” என்கிறார்கள். கண் மின்னச் சொல்கிறார்கள். குடியரசு தின அணிவகுப்பில் கறுப்பு உடுப்புடன் போகும் தேசியப் பாதுகாப்புப் படையைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். மீதியைச் சினிமா சொல்லிக் கொடுத்திருக்கிறது. நான் பட்டாளத்தில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்து, இடையில் சில ஆண்டுகள் டெபுடேஷனில் அந்தப் படையின் மானேசர் முகாமுக்குப் போய் அந்தக் கறுப்பு உடுப்பையும் போட்டு, சுபேதாராக ஓய்வு பெற்றவன். அவர்களுடைய ஆசையைக் கெடுக்கும் எண்ணம் எனக்குக் கிடையாது. ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு ஆசைப்பட வேண்டும்.

முதலில் ஒரு நடைமுறை விஷயம். தேசியப் பாதுகாப்புப் படையில் யாரும் நேராகப் போய்ச் சேர முடியாது. அதன் தாக்குதல் பிரிவான சிறப்பு நடவடிக்கைக் குழுவுக்கு ராணுவத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சிறப்பு ரேஞ்சர் குழுவுக்கு சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதப் படைகளிலிருந்து வருகிறார்கள். சொந்தப் படையில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, தானாக முன்வந்து பெயர் கொடுத்து, கடுமையான தேர்வில் தேறி, டெபுடேஷன் காலம் முடிந்ததும் பழைய படைக்கே திரும்ப வேண்டும். அந்தக் கறுப்பு உடுப்பு கல்யாணத்துக்கு வாங்கிப் போட்ட இரவல் நகை மாதிரி. கழுத்தில் இருக்கும்வரை அழகு. திருப்பிக் கொடுக்கும் நாளை மறந்தவனுக்குத்தான் கஷ்டம். இதைச் சொன்னதும் சில பையன்களின் முகம் வாடிவிடுகிறது. வாடாதவர்களிடம்தான் மேற்கொண்டு பேசுவேன்.

இப்படிப்பட்ட படைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பெருந்துயரத்தின் அடியில் பிறந்தவை. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினர் 11 பேர் கொல்லப்பட்ட பிறகு ஜெர்மானியர்கள் ஜிஎஸ்ஜி-9 படையை உண்டாக்கினார்கள். 1984 ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் டாங்கிகளோடு நுழைந்தது. அதில் போன உயிர்களையும், ஒரு சமூகத்தின் மனத்தில் விழுந்த காயத்தையும் பார்த்த பிறகு, ஊருக்கு நடுவில் மக்களுக்கு இடையில் ஒளிந்திருப்பவனை எதிர்கொள்ள வேறு வகைப் படை வேண்டும் என்று இந்தியாவுக்குப் புரிந்தது. அந்த ஆண்டே தேசியப் பாதுகாப்புப் படை உருவானது. 1986-ல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது.

பயிற்சி எப்படி இருக்கும் என்று பையன்கள் கேட்கும்போது ஓட்டத்தையும் கயிறேற்றத்தையும் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கதவைப் பற்றிச் சொல்வேன். ஒரு சாதாரண வீட்டுக் கதவு. அதற்குப் பக்கத்தில் நான்கு பேர் சுவரோடு சுவராக, ஒருவன் முதுகை ஒருவன் உரசிக்கொண்டு நிற்கிறார்கள். கீல் நம் பக்கம் தெரிந்தால் கதவு நம்மை நோக்கித் திறக்கும். தெரியாவிட்டால் உள்ளே போகும். கடைசியில் நிற்பவன் தயாரானதும் முன்னால் நிற்பவன் தோளை அழுத்துவான். அந்த அழுத்தம் தோள் தோளாக முன்னேறி முதல் ஆளிடம் வரும். வந்ததும் கதவு திறக்க வேண்டும். முதல் ஆள் ஒரு மூலைக்கு, இரண்டாம் ஆள் எதிர் மூலைக்கு. வாசற்படியில் அரை நொடிகூட நிற்கக் கூடாது. நின்றால் பின்னால் வருகிறவன் வழி அடைபடும், உள்ளே இருப்பவனுக்குக் குறி கிடைத்துவிடும்.

அறைக்குள் அட்டை உருவங்கள் இருக்கும். ஒன்றின் கையில் துப்பாக்கி, இன்னொன்றின் கையில் கைக்குழந்தை, மூன்றாவது தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முகத்தைப் பார்க்கிறவன் ஏமாந்துபோவான். கையைப் பார்க்க வேண்டும். அதுவரை நம் விரல் விசையில் படக் கூடாது. வளையத்துக்கு வெளியே நீட்டியபடியே இருக்க வேண்டும். முதலில் தோட்டா இல்லாமல், பிறகு நிஜத் தோட்டாவோடு. பகலில், இருட்டில், புகையில். ஒரே கதவு, ஒரே நான்கு பேர். கைக்குழந்தை அட்டையில் ஒரு துளை விழுந்துவிட்டால் அன்று சாயங்காலம் அந்தக் குழுவில் யாரும் யாரோடும் சரியாகப் பேச மாட்டார்கள். அட்டைதானே என்று சொல்லிவிட்டுப் போகிறவன் அங்கே நிலைக்க மாட்டான். நான் பார்த்ததில், வேகமாகச் சுடத் தெரிந்தவர்கள் ஏராளம். மற்றவர்கள் படபடத்துக்கொண்டு நிற்கும்போது கையைப் பார்த்துவிட்டுச் சுடாமல் விடத் தெரிந்தவன்தான் அரிது. அவனைத்தான் முதல் ஆளாக நிறுத்துவார்கள்.

இந்தப் படையின் ஆகச் சிறந்த நாட்கள் எவை என்று கேட்டால், 1988 மே மாதத்தைச் சொல்வேன். பொற்கோயிலுக்குள் மறுபடியும் ஆயுதம் ஏந்தியவர்கள் புகுந்துகொண்டார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது எல்லோருக்கும் நினைவில் இருந்தது. இம்முறை யாரும் பாய்ந்து உள்ளே போகவில்லை. பஞ்சாப் போலீஸுக்குத் தலைமை வகித்த கே.பி.எஸ். கில்லும், தேசியப் பாதுகாப்புப் படையும் கோயிலைச் சுற்றி வளைத்தார்கள். உயரமான கட்டடங்களில் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் உட்கார்ந்தார்கள். உணவும் தண்ணீரும் போகும் வழி அடைபட்டது. மே மாத பஞ்சாப் வெயிலில், சுடுகிற மொட்டைமாடியில், கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தபடி பத்து நாள் காத்திருப்பது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். முடிவில் இருநூறு பேர் அளவுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதிலும் உயிரிழப்பு இருந்தது. ஆனால் 1984-க்கும் 1988-க்கும் இடையே உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. சினிமா எடுத்தால் அதில் பெரிய சண்டைக் காட்சி எதுவும் இருக்காது. எனக்கோ இந்த வேலையின் பெருமை முழுவதும் அந்த மொட்டைமாடியில்தான் இருக்கிறது.

அதே அமிர்தசரஸில், விமான நிலையத்தில், இன்னும் இரண்டு சம்பவங்கள். 1993 ஏப்ரல் 24 அன்று ஸ்ரீநகருக்குப் போக வேண்டிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை ஒருவன் கடத்தினான். லாகூரில் இறங்க அனுமதி கிடைக்கவில்லை, அமிர்தசரஸில் இறங்கியது. அன்று நள்ளிரவு தாண்டி கமாண்டோக்கள் ஏறினார்கள். சில நிமிடங்களில் முடிந்தது. பயணிகள் ஒருவருக்கும் ஆபத்தில்லை. 1999 டிசம்பர் 24, காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வரும் வழியில் கடத்தப்பட்ட ஐசி-814 விமானம் அதே ஓடுபாதையில் முக்கால் மணி நேரம் நின்றது. கமாண்டோக்கள் போய்ச் சேருவதற்குள் கிளம்பிவிட்டது. அது கடைசியில் போய்ச் சேர்ந்த கந்தஹாரில் என்ன நடந்தது, யார் யாரை விடுவிக்க வேண்டி வந்தது என்பது ஊரறிந்த கதை.

இரண்டு முறையும் பயிற்சி ஒன்றுதான், ஆட்களின் தரமும் ஒன்றுதான். ஆறு ஆண்டு இடைவெளியில் ஒரு குழுவுக்கு மாலை விழுந்தது, இன்னொரு குழு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. உத்தரவு எப்போது வரும், விமானம் எப்போது கிடைக்கும், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் எவ்வளவு நேரம் யோசிப்பார்கள் என்பது எதுவும் துப்பாக்கி பிடித்தவன் கையில் இல்லை. 1991 ஆகஸ்டில் பெங்களூரு கோணனகுண்டேயில், ராஜீவ் காந்தி கொலையில் தேடப்பட்ட சிவராசன் இருந்த வீட்டைச் சுற்றி வளைத்தும், உள்ளே போனபோது சிவராசன், சுபா உட்பட ஏழு பேரும் பிணமாகக் கிடந்தார்கள். ஏன் தாமதம் என்று இன்றுவரை பேசுகிறார்கள். வாசலில் நின்ற வீரனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க அவன் மனத்துக்குள் அது கேட்டுக்கொண்டே இருக்கும். இதைத் தாங்க முடியுமா என்று தன்னையே கேட்டுப் பார்க்காமல் இந்த வேலைக்கு வரக் கூடாது.

மும்பையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2008 நவம்பர் 26 இரவு தாக்குதல் தொடங்கியது. படையை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய பெரிய விமானம் சண்டிகரில் நின்றிருந்தது. அது டெல்லிக்கு வந்து ஏற்றிச் சென்று, வீரர்கள் களத்தில் இறங்கியபோது மறுநாள் காலை. தாஜ் ஓட்டலில் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன், நரிமன் இல்லத்தில் ஹவில்தார் கஜேந்தர் சிங் பிஷ்ட் உயிரிழந்தார்கள். இருவருக்கும் அசோக சக்கரம் கொடுத்தார்கள். சந்தீப், காயம்பட்ட தன் வீரனை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக மேலே போனார் என்பதுதான் நான் இளைஞர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது. தன் ஆளை முதலில் பத்திரப்படுத்துவது புத்தகத்தில் படித்து வருவதில்லை. அந்தக் கதவுப் பயிற்சியில் தோளை அழுத்தி அழுத்தி உடம்பில் ஏறுவது. மும்பைக்குப் பிறகுதான் 2009-ல் மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா ஆகிய நான்கு ஊர்களிலும் இந்தப் படைக்கு மையங்கள் வந்தன. சென்னை மையம் வண்டலூருக்குப் பக்கத்தில் நெடுங்குன்றத்தில் இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள், உள்ளே இருப்பவர்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று யோசித்திருக்க மாட்டார்கள். காத்திருக்கிறார்கள். நல்ல ஊரில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது.

சாவைப் பற்றிப் பையன்கள் வீராப்பாகப் பேசுவார்கள். சுர்ஜன் சிங் பண்டாரியை அவர்களுக்குத் தெரியாது. 2002 செப்டம்பரில் குஜராத்தின் அக்ஷர்தாம் கோயிலில் தலையில் குண்டு பாய்ந்த வீரர். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நினைவு திரும்பாமல் கிடந்து 2004 மே மாதம் இறந்தார். அத்தனை நாளும் அந்தக் குடும்பம் என்ன பாடு பட்டிருக்கும்! 2016 ஜனவரியில் பதான்கோட்டில் லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன், சண்டையில் செத்துக் கிடந்த ஒருவனின் உடலைச் சோதிக்கும்போது வெடித்த குண்டுக்குப் பலியானார். நேருக்கு நேர் சுட்டுக்கொண்டு சாவது மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. இப்படியும் வரும். உயிரோடு திரும்பினவர்களுக்கும் மூடிய அறைக்குள் வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மந்தமாகும். கயிற்றில் இறங்கி இறங்கி முட்டி தேயும். எனக்கு இடது காதுப் பக்கம் நின்று பேசினால் என் மனைவி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர்க் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தனக் கடத்தல் வீரப்பனைத் தேடிச் சத்தியமங்கலம் காட்டில் நம் அதிரடிப்படை வருடக்கணக்கில் அட்டைக்கடியிலும் மலேரியாவிலும் அலைந்தது. 2004 அக்டோபர் 18 இரவு, கே. விஜயகுமார் தலைமையில், தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அது முடிந்தது. அந்தப் பொறுமைக்கு என் வணக்கம். ஆனால் அதே ஆண்டுகளில் மலைக்கிராமத்து ஏழைகளைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்ததாகத் தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரு மாநிலப் படைகள் மீதும் புகார் எழுந்தது. நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. தேடுகிறவன் கிடைக்காத ஆத்திரத்தைக் கிடைத்தவன் மேல் காட்டுவது போர்த்தொழில் ஆகாது. காத்திருக்கத் தெரியாத கையில் துப்பாக்கி கொடுத்தால் இதுதான் நடக்கும். இதைச் சொல்வதால் என்னோடு பேசுவதை நிறுத்திய பழைய நண்பர்கள் உண்டு. சொல்லாமல் இந்தப் பிள்ளைகளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் திரும்பிப் போகும் விஷயம். டெபுடேஷன் முடிந்து பழைய யூனிட்டுக்கு வந்தால், மறுநாளே கேட்டில் காவல் போடுவார்கள். சமையற்கூட ரேஷன் கணக்கு எழுதச் சொல்வார்கள். ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கினவன் உருளைக்கிழங்கு மூட்டையை எண்ணுவான். எனக்குத் தெரிந்த ஒரு ஹவில்தார் அதில் ஒடிந்துபோய்க் குடிக்க ஆரம்பித்தார். இன்னொருவர் அடுத்த வாரமே யூனிட்டின் இளம் பையன்களைக் கூட்டிவைத்துக் கதவுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். உருளைக்கிழங்குக் கணக்கையும் ஒழுங்காக எழுதினார். தேர்வு வாரியம் எதை வைத்து ஆளை எடுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், கேட்டில் நிற்கும்போது அவன் எப்படி நிற்கிறான் என்று பார்க்கச் சொல்வேன்.

2022-லிருந்து அக்னிபத் திட்டம் வந்துவிட்டது. சேருகிற பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டுதான். அதற்குப் பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரமாகத் தங்குவார்கள். கமாண்டோ ஆவதற்கு முந்தைய படியிலேயே முக்கால்வாசிப் பேர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதனால்தான் மைதானத்துக்கு வருகிற பையன்களைப் பட்டப்படிப்பையோ ஐடிஐயையோ பாதியில் விடாதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அஞ்சல் வழியிலாவது முடிக்கட்டும். ஓட்டத்தைக் கெடுக்கிறேன் என்று சண்டைக்கு வந்த அப்பாக்களும் உண்டு. 1,600 மீட்டர் ஓட்டம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் கணக்குப் பாடம் கட்டாயம். பாடத்துக்கு உட்காராதவனுக்கு மறுநாள் என் விசில் கிடையாது.