ராத்திரியே பயந்துவிடுங்கள்!

'மார்க்கெட்ல பயந்தவன் ஜெயிச்சதா சரித்திரமே இல்லை சார்!' டிப்ஸ் கொடுப்பவர்கள் மறக்காமல் சொல்கிற வசனம் இது. கேட்கிறவருக்கும் உடனே ஒரு வீரம் வந்துவிடும். அந்த வீரத்துக்கு என்ன விலை என்று 2024 செப்டம்பரில் செபி கணக்குப் போட்டுச் சொன்னது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ பக்கம் போன தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். ஆளுக்கு சராசரியாக 2 லட்ச ரூபாய்!

இத்தனை பேரும் கோழைகளா என்ன? எனக்கென்னவோ, பயம் தப்பான நேரத்தில் வருவதுதான் கோளாறு என்று தோன்றுகிறது.

டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு மனவியல் அறிஞர்கள் 1979-ல் எழுதிய கட்டுரையில் ஒரு கேள்வி வரும். நிச்சயமாக 3,000 நஷ்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 4,000 நஷ்டமாக 80 சதவிகித வாய்ப்பு. ஒன்றுமே ஆகாமல் தப்பிக்க 20 சதவிகிதம். உங்களுக்கு எது வேணும்? நூற்றுக்கு 92 பேர் இரண்டாவதைத்தான் கேட்டார்கள். நஷ்டத்துக்குப் பதில் லாபம் என்று மாற்றிக் கேட்டால், 80 பேர் 'உறுதியான 3,000 போதும்ப்பா' என்று ஒதுங்கிவிட்டார்கள். ஆக, லாபத்தில் நாம் பயந்தாங்கொள்ளி, நஷ்டத்தில் மகா சூரர்! பத்து ரூபாய் ஏறினால் கை நடுங்க விற்றுவிடுவோம். ஐம்பது ரூபாய் இறங்கினால் இன்னும் நூறு ஷேர் வாங்குவோம். கேட்டால், 'ஆவரேஜ் பண்றேன்!'

இந்த வியாதி முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நிக் லீசன் உதாரணம். பேரிங்ஸ் வங்கிக்காக சிங்கப்பூரில் டிரேடிங் செய்தவர். நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்துக்கொண்டே போனார். 1995 ஜனவரி 17-ல் கோபே பூகம்பம். ஜப்பான் சந்தை சரியச் சரிய, இவர் வாங்கிக் குவித்தார். வெளியிலிருந்து பார்த்தால் அசாத்தியத் துணிச்சல். உள்ளே இருந்ததோ, 'தோத்துட்டேன்' என்று வாயைத் திறந்து சொல்லப் பயம். 82.7 கோடி பவுண்டு போச்சு. 233 வருஷத்து வங்கி ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

லீசனுக்கு நேர் எதிர், சிகாகோவின் ரிச்சர்ட் டென்னிஸ் வளர்த்த 'ஆமைகள்'. டிரேடிங்கைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று நண்பரோடு பந்தயம் கட்டி, 1983-ல் விளம்பரம் போட்டு ஆள் எடுத்து, இரண்டே வாரம் பாடம் நடத்தினார். அந்த மாணவர்களுக்குத்தான் ஆமைகள் என்று பெயர். பாடத்தில் தைரியத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. வாங்கும்போதே எங்கே வெளியேறுவது என்று முடிவு பண்ணு; ஒரு தடவை தோற்றால் கைப்பணத்தில் சுமார் 2 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லட்சத்தோடு இறங்கி, வரிசையாகப் பத்து தடவை தோற்றாலும் 81,000-க்கு மேல் மிச்சம் இருக்கும். தூக்கம் வருமா, வராதா? (குருவே 1988-ல் பெரும் நஷ்டத்தோடு கடையைக் கட்டினார் என்பது வேறு கதை!)

சிகாகோவையெல்லாம் கேள்விப்படாத ஓர் ஆமை எனக்குப் பழக்கம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2004 மே 17, ஆட்சி மாறுகிற பதற்றத்தில் சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 842 புள்ளிகள் இறங்கி, வியாபாரத்தையே இரண்டு தடவை நிறுத்தினார்களே, அன்றைக்கு அவரோடு தி.நகரில் ஒரு புரோக்கர் ஆபீஸில் இருந்தேன். ஹாலில் ஒரே கூச்சல். ஒருவர் டி.வி-யைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார், விற்கச் சொன்னார். எழுதி வைத்திருந்த விலைகூடக் கிடைக்கவில்லை, அதற்கும் கீழேதான் போயிற்று. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"உங்களுக்குப் பயமே கிடையாதா சார்?" என்றேன்.

"யார் சொன்னா? நேத்து ராத்திரியே வீட்ல உக்காந்து பயந்து முடிச்சாச்சு. அதைத்தான் சீட்டுல எழுதியிருக்கேன்."

இப்போது அவர் கையிலும் மொபைல் வந்துவிட்டது. சீட்டு மட்டும் போகவில்லை. அதன் காப்பி ஒன்று வீட்டுக்காரம்மாவிடம் இருக்கிறது. நடுவில் விலையை மாற்ற வேண்டுமென்றால் அந்த அம்மாளிடம் காரணம் சொல்லியாக வேண்டும். "அதுக்கு நஷ்டத்துல வித்துடறதே மேல் சார்" என்கிறார்.