அறுபதிலிருந்து ஐந்து வரை

என் கணவர் இன்று உயிரோடு இருக்கக் காரணமான மருந்துகளில் ஒன்றின் பெயரைச் சொன்னாலே எங்கள் தெருவில் பலருக்கு முகம் மாறிவிடும். ஸ்டீராய்டு. அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் தெரு. 2021 கோடையை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆக்சிஜனுக்கு அலைந்த அதே நாட்களில்தான் கருப்புப் பூஞ்சை என்ற பேச்சும் வந்து சேர்ந்தது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள், சர்க்கரை ஏறியது, கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று டிவியில் தினம் பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதத்தில், இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், டெக்ஸாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது தெரியவந்திருந்தது. அது யார் நினைவிலும் தங்கவில்லை. பயம் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பயம் எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டு லேத் போட்ட சின்னப் பட்டறை. வண்டி உதிரி பாகங்களுக்கு ஜாப் ஒர்க். 2020-இல் சிறுநீரில் ரத்தம் போனது. வலது சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்து சிறுநீரகத்தையே எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. கொஞ்ச காலம் மாத்திரையில் ஓடியது. அதற்கும் அடங்காதபோது நிவோலுமாப் ஊசி பற்றிப் பேச்சு வந்தது.

டாக்டரம்மா அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். நம் உடம்பின் காவல் செல்களுக்கு ஒரு பிரேக் உண்டு. இல்லாவிட்டால் அவை நம்மையே அடித்துவிடும். புற்றுநோய் அந்த பிரேக்கை மிதித்துக்கொண்டு தப்பிக்கிறது. இந்த ஊசி பிரேக்கை விடுவிக்கிறது. ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவும் அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசனும் இப்படிப்பட்ட இரண்டு பிரேக்குகளைப் பற்றிய வேலைக்காக 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள் என்று நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். "பிரேக் விட்ட வண்டி எங்க வேணா இடிக்கும் சார்" என்று டாக்டரம்மா அப்போதே எச்சரித்தார். தோல், குடல், நுரையீரல், ஈரல், தைராய்டு, அபூர்வமாக இதயம். எது வந்தாலும், ராத்திரியானாலும் போன் செய்யச் சொன்னார். என் கணவர் தலையாட்டினார்.

ஊசியின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாதது. மருந்து கம்பெனியின் உதவித் திட்டத்தில் சில டோஸ் வாங்கினால் மிச்சம் இலவசம் என்று ஏற்பாடானது. அந்தச் சில டோஸுக்கே திருநின்றவூர் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனை போனது. மனை போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மனதில் வைத்திருந்தார்.

சில ஊசிகள் ஆன பிறகு, அவர் பட்டறையிலிருந்து சீக்கிரம் திரும்ப ஆரம்பித்தார். ராத்திரியில் குளியலறைக் குழாய்ச் சத்தம் அடிக்கடி கேட்டது. கேட்டால், "ஒண்ணும் இல்ல, வெளிய சாப்ட்டது" என்பார். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் லோப்பரமைடு மாத்திரை அட்டை கிடந்தது. பாதிக்கு மேல் காலி. மருந்துக் கடையில் பேதிக்கு என்று கேட்டு வாங்கி, யாருக்கும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அட்டையை நீட்டிக் கேட்டபோது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்கம்மா. மனைய வித்துட்டோமே."

இப்படி மறைக்கிறவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். பின்னாளில் சிகிச்சைக் கூடத்தில் ஊசி ஏறக் காத்திருந்த மற்றவர்களிடம் பேசியபோதுதான் தெரிந்தது, இருமலை மறைத்தவர் உண்டு, தடிப்பை முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்தவர் உண்டு. எல்லோருக்கும் ஒரே காரணம்தான். சொத்தை விற்று வந்த மருந்து கையை விட்டுப் போய்விடக் கூடாது. இந்த ஊசி கிளப்புகிற குடல் அழற்சியைப் பேதியை நிறுத்துகிற மாத்திரையால் அமுக்கி வைத்தால் உள்ளே புண் ஆழமாகும், குடலில் ஓட்டை விழும் அளவுக்கும் போகலாம் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

மாத்திரை அட்டை கிடைத்த அன்று மாலையே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வழக்கத்தைவிட ஏழு தடவைக்கு மேல் போனாலே கடுமையான நிலை என்று கணக்காம். அவர் அதைத் தாண்டியிருந்தார். கிருமித் தொற்று இல்லை என்று மலப் பரிசோதனையில் உறுதி செய்தார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடல் சுவர் முழுக்கச் சிவந்து புண்ணாகியிருந்தது. மெதில்பிரெட்னிசலோன் ஊசி ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள்.

அங்கேதான் என் கொழுந்தனார் குறுக்கே வந்தார். "அண்ணி, ஸ்டீராய்டு வேணாம் அண்ணி. அண்ணனுக்கு இருக்குறதே ஒரு கிட்னி. அதுவும் போயிடும்." ஊரிலிருந்து போன் செய்த பெரியம்மாவும் எலும்பு உருகிவிடும் என்றார். நம்மீது பாசம் உள்ளவர்கள் பேசுவதை எப்படித் தள்ளுவது? டாக்டரம்மா சலிக்காமல் வெளியே வந்து கொழுந்தனாரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். பிரெட்னிசலோன் வகை மருந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை, சிறுநீரகத்தில் வருகிற சில நோய்களுக்கே அதுதான் மருந்து, சர்க்கரையையும் எலும்பையும் தொற்றையும்தான் நாம் கண்காணிக்க வேண்டும் என்றார். மூன்று நாட்களில் கேட்காவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் என்ற வேறு மருந்து போட வேண்டிவரும். அதற்குத் தயாராக, பழைய காசநோயோ மஞ்சள் காமாலைக் கிருமியோ உடம்பில் பதுங்கியிருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்த்தார்கள். அது தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் இட்லி கேட்டார்.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குப் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். சில நாட்களில் அவள் நடந்தாள். அதற்கு 1950-இல் நோபல் கிடைத்தது. அவ்வளவு பழைய மருந்து வகை, ஒரு டீயின் விலைகூட இல்லாத மாத்திரை, எங்கள் மனையை விழுங்கிய புத்தம் புது மருந்து கிளப்பிய ரகளையை அடக்கியது. இதை நான் நன்றியோடு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அறுபது மில்லிகிராம் பிரெட்னிசலோன். அவர் எடை அறுபதுக்குக் கொஞ்சம் மேல். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கணக்கு. அதோடு வயிற்றுக்கு ஒன்று, கால்சியம், நுரையீரல் தொற்று வராமல் இருக்க வாரத்தில் மூன்று நாள் செப்ட்ரான். லேத்தில் மைக்ரான் கணக்குப் பார்த்துப் பழகியவர், மாதக் காலண்டரை எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் மில்லிகிராம் எழுதினார்: 60, 60, 60... அடுத்த வாரம் 50. விழுங்கியதும் பேனாவால் ஒரு கோடு. காலையில் சாப்பிட்டவுடன் மொத்தத்தையும் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் போட்டால் தூக்கம் சுத்தமாகப் போய்விடும்.

காலையில் போட்டும் தூக்கம் போகத்தான் செய்தது. அகால வேளையில் சமையலறையில் விளக்கு எரியும். பழைய சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து, ஊறுகாய் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார். அப்படி ஒரு பசியை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. பிறகு மொட்டை மாடிக்குப் போய் அண்ணனூர் ரயில் பணிமனையிலிருந்து முதல் வண்டி கிளம்பும்வரை நடப்பார். பகலில் பேச்சு நிற்காது. பட்டறைக்கு மூன்றாவது லேத், கடனுக்குப் புது மெஷின் என்று திட்டம் போட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் எங்கள் பெண் ரிமோட்டை எடுத்துவைக்க மறந்ததற்குத் தட்டை வீசினார். சாம்பார் சுவரில் வழிந்தது. அவள் பயத்தில் நகரவில்லை. இருபது வருஷத்தில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அரை மணி நேரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். இது மருந்தின் வேலை, மனிதனின் குணம் இல்லை என்று என் மகளுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் அந்த மாதங்களில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

சர்க்கரை இன்னொரு பாடம். வெறும் வயிற்றில் பார்த்தால் 105, 110 என்று நல்ல பிள்ளையாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் 340. காலையில் போடுகிற ஸ்டீராய்டு பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையைத் தூக்கும். காலை ரத்தம் மட்டும் கொடுத்து ரிப்போர்ட் வாங்கியிருந்தால் எல்லாம் சரி என்றே இருந்திருப்போம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் மதியம் பார்க்கச் சொன்ன அந்த ஒரு வார்த்தை எங்களைக் காத்தது. கொஞ்ச காலத்துக்கு இன்சுலின் போட வேண்டியிருந்தது.

மாத்திரை குறைய ஆரம்பித்தபோது எல்லோரும் முடிந்துவிட்டது என்றார்கள். முகம் உருண்டு வீங்கியிருந்தது. தொடை மெலிந்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நாலு படிக்கு ஒருமுறை நின்றார். பார்க்கிறவர்கள், "அதான் சரியாயிடுச்சே, நிறுத்திடுங்க" என்பார்கள். பதினைந்து மில்லிகிராமுக்கு இறங்கிய வாரத்தில் பேதி திரும்பியது. இந்த முறை அவர் மறைக்கவில்லை. விடியற்காலையில் என்னை எழுப்பி, "போன் பண்ணு" என்றார். முப்பதுக்கு ஏற்றி, முன்னைவிட மெதுவாக இறக்கினார்கள். காலண்டரில் அந்த மாதத்துக் கட்டங்களை ரப்பரால் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். ஐந்து மில்லிகிராமில் வெகுநாள் நின்றது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடுமாம். காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து, அந்தச் சுரப்பி சுரக்கிற கார்ட்டிசாலின் அளவைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் அவரைத் தின்றுகொண்டிருந்த கேள்வி ஒன்றுதான்: காவல் செல்களை அடக்குகிற மருந்தைப் போட்டால், மனை விற்றுப் போட்ட ஊசி வீணா? டாக்டரம்மா நேர்மையாகப் பதில் சொன்னார். சிகிச்சை தொடங்கும்போதே தினம் பத்து மில்லிகிராமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டில் இருந்த நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குப் பலன் குறைந்ததாக 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் பக்க விளைவுக்காகப் பின்னால் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் கதை வேறு. இதே வகையில் முதலில் வந்த இபிலிமுமாப் என்ற மருந்தை எடுத்த ஏறத்தாழ முந்நூறு பேரை நியூயார்க்கில் ஆராய்ந்தபோது, ஸ்டீராய்டு போட்டவர்கள் போடாதவர்களைவிடக் குறைவாக வாழவில்லை. நிவோலுமாப்பை அவருக்கு மறுபடி போடவில்லை. ஸ்டீராய்டு முடிந்தபின் எடுத்த ஸ்கேனில் நுரையீரல் புள்ளிகள் பெரிதாகவில்லை, இரண்டு சுருங்கியிருந்தன. நிறுத்திய பிறகும் விழித்துக்கொண்ட செல்கள் வேலை செய்வது உண்டாம். எவ்வளவு காலத்துக்கு என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்த ஊசியின் செலவைக் குறைக்கவும் வழி தேடுகிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு வெறும் இருபது மில்லிகிராம் நிவோலுமாப்பை, மற்ற மலிவான மாத்திரைகளோடு சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்களின் எண்ணிக்கை நூற்றுக்குப் பதினாறிலிருந்து நாற்பத்து மூன்றாக உயர்ந்தது. 2022-இல் அந்த முடிவு வெளிவந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் இதே குடும்பத்தைச் சேர்ந்த துர்வாலுமாப்புக்குச் சுங்கவரியை நீக்கினார்கள். வாய்ப் புற்றுநோய் இவ்வளவு இருக்கிற நாட்டில் இந்த ஊசிகள் இனி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நிறைய வரும். வர வேண்டும். ஆனால் ராத்திரி பேதி வந்தால் போகிற தெருமுனை கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் இருப்பவர்களுக்கு, இவர் இம்யூனோதெரபி என்கிற இந்த வகை ஊசி எடுக்கிறவர், இது சாதாரணப் பேதி இல்லை என்று தெரிந்தாக வேண்டும். அவருடைய பர்ஸில் இப்போது ஓர் அட்டை இருக்கிறது: மருந்தின் பெயர், வந்த பக்க விளைவு, ஆஸ்பத்திரி எண். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. இதை முதல் ஊசியன்றே எல்லா ஆஸ்பத்திரியும் கொடுத்தால் என்ன?

பூந்தமல்லியிலிருந்து ஒரு பெண் பேசினாள். என்னோடு வேலை பார்க்கிறவரின் தங்கை. அவள் அம்மாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், ஊசி ஆரம்பிக்கப் போகிறார்கள். "ஸ்டீராய்டு குடுப்பாங்களாமே அக்கா, பயமா இருக்கு." நான் நெடுநேரம் பேசினேன். முக்கியமாக ஒன்றைக் கேட்டுக்கொண்டேன்: அம்மா எதையும் மறைக்காமல் சொல்கிற மாதிரி வீட்டில் பணப் பேச்சைக் குறையுங்கள். அடுத்த மாதம் அவளே கூப்பிட்டாள். முதுகில் அரிப்பும் தடிப்பும் வந்ததாம். அம்மாவே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அன்றைக்கே டாக்டருக்குப் போட்டோ அனுப்பினாளாம். பூசுகிற ஸ்டீராய்டு களிம்பே போதும் என்றார்களாம். அடுத்த ஊசி குறித்த தேதியில் போட்டாகிவிட்டது.