பெட்டியில் பூட்டினால் செத்துப்போகும் காசு

செம்பாக்கத்தில் பத்து சிறகு அவரை விதை என்ன விலை?

பணத்தை நீட்டினால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ‘உங்ககிட்ட என்ன இருக்கு?’ என்ற கேள்விதான் பதிலாக வரும். மூக்குத்தி அவரை இருக்கிறது என்றால் பத்துக்குப் பத்து, பேச்சு முடிந்தது. கொத்துப் பீர்க்கு என்றால் ஐந்து கொடுத்தாலே போதும். கடையில் வாங்கிய பாக்கெட் வெண்டை மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒரு சிரிப்பு. ‘பரவால்ல, சும்மாவே எடுத்துட்டுப் போங்க. காய்ச்சதும் ரெண்டு பேருக்குக் குடுங்க.’

தாம்பரம் - வேளச்சேரி சாலையை ஒட்டிய ஊர் இது. ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்தது. வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியிலும் சேர்ந்தாயிற்று. இப்போது இங்கே பயிர் வளர்வது மொட்டை மாடிகளில். குரோ பேக், பழைய பெயின்ட் வாளி, ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி என்று மண்ணைத் தாங்கும் எல்லாமே நிலம்தான்.

செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்து மாடித்தோட்டக்காரர்கள் சிலர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுவார்கள். காபி குடித்து முடித்ததும் பைகளிலிருந்து சின்னச் சின்ன ஜிப்லாக் கவர்கள் வெளியே வரும். ஒவ்வொன்றிலும் ரகத்தின் பெயரும், விதை எடுத்த மாதமும் பேனாவால் எழுதியிருக்கும். அதற்கப்புறம் நடப்பது சுத்தமான பண்டமாற்று.

இந்தக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. இந்தக் கொடுக்கல் வாங்கலில் முதலில் மிகவும் கெட்டியாக இருந்தவர் அவர்தான். இன்று மிகவும் தாராளமாக இருப்பவரும் அவர்தான். நடுவில் ஒரு புயல் வந்து போனது.

*புட்டிக்குப் புட்டி*

ஒரு பொருளையே காசாக மாற்றிக்கொண்ட ரசிகர் கூட்டம் உலகமெங்கும் உண்டு. அமெரிக்காவில் சிறிய ஆலைகளில் கொஞ்சமாகக் காய்ச்சப்படும் அரிய பீர் வகைகளுக்கு இப்படி ஒரு சந்தை இருக்கிறது. உரிமம் இல்லாத தனி ஆள் மது விற்பது அங்கே சட்டப்படி குற்றம். அதனால் ரசிகர்கள் புட்டிக்குப் புட்டி மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு ஊரில் மட்டும் கிடைக்கும் புட்டிக்கு, இன்னொரு ஊரில் மட்டும் கிடைக்கும் புட்டி. பெல்ஜியத்தில் வெஸ்ட்வ்லெட்டெரன் என்ற ஊரில் கிறிஸ்தவத் துறவிகள் மடத்திலேயே காய்ச்சும் பீர் இந்த ரசிகர்களிடையே உலகப் பிரசித்தம். லாபத்துக்கு மறுபடி விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் துறவிகள் அதைக் கொடுக்கிறார்கள்.

அங்கே கணக்கு எளிது. ஒருவர் ஒரு புட்டியைக் குடித்துவிட்டால் உலகத்தில் ஒன்று குறைந்தது; மிச்சம் வைத்திருப்பவரின் கை ஓங்குகிறது.

விதையில் இந்தக் கணக்கு தலைகீழ். ஒரு சுரைக்காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, காய்ந்து உள்ளே கலகலவென்று சத்தம் வந்ததும் உடைத்தால் நூற்றுக்கணக்கில் விதை கிடைக்கும். இரண்டு வருடத்தில் ஊரெல்லாம் பரவிவிடும். சிவப்பு வெண்டைக்கு அப்படித்தான் ஆனது. அரிதாக இருந்தபோது ஐந்து விதைக்கு ஒரு கவர் கத்தரி விதை கொடுத்து வாங்கினார்கள். இன்று கேட்காமலேயே கையில் திணிக்கிறார்கள்.

அதனால்தான் டீச்சர் அந்தக் காலத்தில் கையை இறுக்கிக்கொண்டார். அவரிடம் ஒரு குண்டுச் சுரை இருந்தது. கழுத்து குட்டையாக, அடி பானை மாதிரி உருண்டையாக இருக்கும். செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியார் முந்தானையில் முடிந்துகொண்டு வந்த விதை. கடையில் கிடைக்காது, கூட்டத்தில் வேறு யாரிடமும் இல்லை. மாமியார் காலமான பிறகு அந்தக் கொடி வீட்டுப் பெரியவர் மாதிரி ஆகிவிட்டது.

எல்லோரும் கேட்டுப் பார்த்தார்கள். ‘இந்த வருஷம் விதை சரியா முத்தலப்பா’ என்று சொல்லித் தட்டிக்கழிப்பார். 2014-ல் ஒரே ஒரு தடவை இளகினார். கணினி நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் சிறகு அவரை விதை கொண்டுவந்திருந்தார். ஆடியில் ஊன்றி, பகல் குறுகும் ஐப்பசி, கார்த்திகையில் பூக்கிற கொடி அது. டீச்சர் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்.

‘டீச்சர், பத்து தரேன். சுரை ஒரு நாலு குடுங்க போதும்.’

நாலே நாலு எண்ணிக் கொடுத்தார்.

*கள்ளநோட்டும் உண்டு*

காசு என்று வந்துவிட்டால் கள்ளநோட்டு இல்லாமல் இருக்குமா? இங்கேயும் உண்டு. ஹைபிரிட் காயிலிருந்து எடுத்த விதை அதில் ஒன்று. பார்க்க அசல் மாதிரியே இருக்கும். ஊன்றினால் ஒரு செடி ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி வரும்.

இன்னொன்று, கொடுப்பவருக்கே தெரியாத கலப்படம். ஒரே மாடியில் நீளச் சுரையும் குண்டுச் சுரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பூச்சிகள் மகரந்தத்தை மாற்றிவிடும். அன்றைக்குக் காய்க்கிற காய் தாய்க்கொடி மாதிரியேதான் இருக்கும். அடுத்த தலைமுறையில்தான் வேஷம் கலையும்.

இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டை முதல் நாளே மெல்லிய துணியால் மூடிவிட வேண்டும். பூ விரிந்ததும் அதே ரகத்து ஆண் பூவைப் பறித்து மகரந்தத்தைத் தொட்டு வைத்து, மறுபடி மூட வேண்டும். காய் பிடித்ததும் காம்பில் ஒரு நூல் கட்டி வைத்தால், அதுதான் விதைக்காய். வீட்டில் யார் பசித்தாலும் அதில் கத்தி படக் கூடாது.

விதை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் உரைகல் உண்டு. பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, சில நாள் கழித்து எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணினால் போதும். எட்டு முளைத்தால் நல்ல காசு. மூன்று என்றால் செல்லாக்காசு. வெங்காய விதைக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம்தான். வெண்டை, அவரை இரண்டு மூன்று வருடம். தக்காளி, கத்தரி, சுரை நான்கைந்து வருடம் தாங்கும். சென்னைப் புழுக்கத்தில் அதுவும் குறையும். வசம்புத் தூளும் அடுப்புச் சாம்பலும் பூச்சியைத்தான் தடுக்கும், வயதைத் தடுக்காது.

*வர்தா அடித்த நாள்*

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் தெருவுக்குத் தெரு மரங்கள் சாய்ந்தன. மாடிப் பந்தல் எம்மாத்திரம்? டீச்சர் வீட்டுப் பந்தல் கம்பியோடு பக்கத்து மனையில் கிடந்தது. அதில் விதைக்கு விட்டிருந்த இரண்டு காயும் பச்சையிலேயே நசுங்கிவிட்டன. மாடிப்படி மேலிருந்த தகரக் கொட்டகை பறந்ததில், அலமாரியிலிருந்த விதைப் புட்டிகள் உடைந்து மழையில் ஊறின. மிஞ்சிய விதைகளைத் துணியில் கட்டிப் பார்த்தார். சுரையில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த நாலு விதை ஞாபகம் வந்தது. இளைஞரோ வேலை மாறிக் கோயம்புத்தூர் போயிருந்தார். போனில் கேட்டபோது அவர் தயங்காமல் சொன்னார்:

‘அது பொள்ளாச்சியில அம்மாகிட்ட இருக்கு டீச்சர். அம்மா வேற எந்தச் சுரையும் போடறதில்ல. வருஷா வருஷம் இதேதான்.’

ஒரு வாரத்தில் கூரியரில் பன்னிரண்டு விதை வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ‘நீங்க குடுத்ததுதான்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

தை மாதம் ஊன்றினார். கொடி ஏறியது. ஆனாலும் மனசு ஆறவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் நீளச் சுரை இருந்து கலந்திருந்தால்? அதற்குக் காய் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. சுரையின் பெண் மொட்டுக்கு அடியிலேயே பிஞ்சின் உருவம் தெரிந்துவிடும். நீளச் சுரையென்றால் விரல் மாதிரி, குண்டுச் சுரையென்றால் கோலிகுண்டு மாதிரி. முதல் பெண் மொட்டு வந்த சாயங்காலம் டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கோலிகுண்டுதான்.

*வட்டியோடு திரும்பும் முதல்*

டீச்சருக்கு நடந்தது பெரிய அளவில் ஒரு விதை வங்கிக்கே நடந்திருக்கிறது. நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், பனிமலைக்குள் உலக நாடுகளின் விதைகளைப் பாதுகாக்கும் கிடங்கு 2008-ல் திறக்கப்பட்டது. அங்கே குளிர் மைனஸ் 18 டிகிரி. சிரியாவின் அலெப்போ அருகில் இருந்த ஒரு சர்வதேச விதை வங்கி, தன் விதைகளின் நகல்களை அங்கே கொடுத்து வைத்திருந்தது. உள்நாட்டுப் போரில் அந்த வங்கியை நடத்த முடியாமல் போனதும், 2015-ல் தான் கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வாங்கியது. லெபனானிலும் மொராக்கோவிலும் அவற்றை விதைத்துப் பெருக்கி, 2017-ல் மறுபடியும் ஒரு பங்கை ஸ்வால்பார்டுக்கே அனுப்பியது.

இதே சூத்திரத்தைக் குளிர்கிடங்கு இல்லாமலே நடத்திக் காட்டியவர் ‘நெல்’ ஜெயராமன். திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் 2006 முதல் அவர் நடத்திய நெல் திருவிழாவில், விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசம். அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நூற்றுக்கு நூறு வட்டி! கேட்க கந்துவட்டி மாதிரி இருக்கும். ஆனால், இரண்டு கிலோ விதைத்தவர் வீட்டுக்கு மூட்டைக் கணக்கில் வந்திருக்கும். திரும்பி வந்த நான்கு கிலோ, மேலும் இரண்டு பேருக்குப் போகும். இப்படித்தான் 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. 2018 டிசம்பரில் அவர் காலமான பிறகும், அந்த விதைகள் பல ஊர் வயல்களில் இருக்கின்றன.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாறிக்கொள்ள, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்ட் பெயர் போட்டு விற்பதற்குத்தான் தடை.

செம்பாக்கம் கூட்டத்தில் விற்பது பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. சும்மா வாங்கிய விதையைச் சிலர் கவர் போட்டு விற்கிறார்கள் என்று ஒரு தரப்புக்குக் கோபம். ‘பூவுக்குத் துணி கட்டி, காய வச்சு, எண்ணிப் போடற உழைப்புக்குக் காசு வேண்டாமா?’ என்பது மறு தரப்பு. டீச்சர் இரண்டு பக்கமும் சேருவதில்லை. அவருக்கு ஒரே விதிதான். புது விதை எடுத்தால் முதலில் மூன்று வீட்டுக்குப் போக வேண்டும்; அதுவும் மூன்று வேறு வேறு ஊருக்கு. ஒரே தெருவில் கொடுத்தால் ஒரே புயலில் எல்லாம் போய்விடும். அதற்கப்புறம்தான் தன் புட்டியில் போடுவார்.

யாருக்கு, எந்த வருடம், எத்தனை விதை என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கடனை வசூலிக்க அல்ல. திடீரென்று வேண்டுமென்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டுமே. குண்டுச் சுரைக்கு நேராக இப்போது பதினேழு பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர், பொள்ளாச்சியில் இருக்கும் அந்த அம்மாவுடையது.