ரிச்சி தெருவில் ஒரு ராத்திரி பாட்டு

"அத்தான், போச்சு!"

காலை ஆறு மணிக்கு போனில் இப்படி ஒரு குரல் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். நல்லவேளை, போனது ஆள் இல்லை. பாட்டு. பதினோராயிரம் பாட்டு!

பேசியது கும்பகோணத்து மாமா பையன். வீட்டில் எல்லாருக்கும் 'தம்பி'. கல்யாண ரிசப்ஷன் பேனரில் மட்டும் 'டிஜே' என்று போட்டுப் பக்கத்தில் ஏதோ ஒரு பெயர் இருக்கும். அவனுடைய 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கை (வியாதி இல்லை சார், கொள்ளளவு!) லேப்டாப்பில் செருகியிருக்கிறான். "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. மரியாதையாகக் கேட்கிறதே என்று இவனும் "சரி" என்று அமுக்கியிருக்கிறான். மறுநாள் விட்டு மறுநாள் மன்னார்குடியில் ரிசப்ஷன்.

"கிளாம்பாக்கத்துல இறங்கிட்டேன் அத்தான். எங்கே வரணும்?"

"அண்ணா சிலைக்கு வா."

கும்பகோணத்திலிருந்து கிளாம்பாக்கம் வந்த நேரத்தைவிட, கிளாம்பாக்கத்திலிருந்து அண்ணா சிலை வந்த நேரம்தான் அதிகம் என்று சத்தியம் செய்தான். நான் மறுக்கவில்லை.

அண்ணா சிலையிலிருந்து சிம்சன் பக்கம் நடந்தால் இடது கைப் பக்கம் பிரிகிறது ரிச்சி தெரு. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்த எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் என்று பெருமையாகச் சொல்வார்கள். ரேடியோ ஸ்பேர் காலத்திலிருந்தே இந்த வட்டாரத்துக்கு இதுதான் பிழைப்பு. 1914-ல் ரகுபதி வெங்கய்யா கட்டிய கெயிட்டி தியேட்டர் இந்தப் பக்கம்தான் இருந்தது. இன்று இல்லை. கேசினோ மட்டும் நிற்கிறது.

தெருவுக்குள் நுழைந்ததும் "என்ன சார் வேணும்? சிசிடிவியா, பேட்டரியா, டிஸ்ப்ளேயா?" என்று நாலு பேர் வழிமறிப்பார்கள். "ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒன்றும் வேண்டாதவன் ரிச்சி தெருவுக்கு ஏன் வருகிறான்? நியாயமான கேள்வி. தலைக்கு மேலே வயர், காலுக்குக் கீழே தண்ணீர், நடுவில் அட்டைப் பெட்டி சுமந்தபடி "வழி... வழி..." என்று ஓடுகிறவர்கள். இவ்வளவுக்கும் மத்தியில் ஒரு மாடிப்படி. ஒரு ஆள் ஏறினால் ஒரு ஆள் இறங்க முடியாது. அந்தப் படிக்கு மேலேதான் டேட்டா ரெகவரி கடை.

கடைக்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். டிஸ்க்கைக் காதோரம் வைத்துக் கேட்டான், டாக்டர் மாதிரி. "சத்தம் வரலை. நல்லது. இதுக்கப்புறம் ஏதாவது காப்பி பண்ணீங்களா?"

"இல்லை."

"அப்ப பொழைச்சுக்கும். க்விக் ஃபார்மட்னா புஸ்தகத்துல பொருளடக்கத்தை மட்டும் கிழிச்ச மாதிரி. பக்கமெல்லாம் உள்ளேயேதான் இருக்கும். மேலே வேற எதையாவது எழுதினாத்தான் அழியும். ஸ்கேன் முடிய சாயங்காலம் ஆகும். ரெண்டாயிரத்து ஐந்நூறு."

பேரம் பேச வாயைத் திறந்தேன். தம்பி என் கையை அழுத்தினான். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். பதினோராயிரம் பாட்டுக்கான முகமாக அது தெரியவில்லை.

டீக்கடையில் சொன்னான். "பாட்டு போனா எங்கேயாவது வாங்கிக்கலாம் அத்தான். 2019 மே மாசம், அந்த ரிசப்ஷன் ரெக்கார்டிங்... அப்பா பேசினது. அதுவும் அதுலதான் இருக்கு."

மாமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மகாமகக் குளத்துக்குப் பக்கத்து சந்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். ஃபுல்ஸ்கேப் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால், டி.டி.கே. 60-லோ 90-லோ பதிந்து தருவார். அவரிடம் ஒரு நீள நோட்டு. பாட்டு, படம், எந்த ரெக்கார்டு, எத்தனை நிமிஷம், எத்தனை செகண்ட் எல்லாம் அதில் இருக்கும். ஏ சைடு முடிய மூன்றே கால் நிமிஷம் மிச்சம் என்றால், நோட்டைப் புரட்டி மூன்று நிமிஷம் பத்து செகண்ட் பாட்டு ஒன்றைத் தேடிப் போடுவார். காலி நாடா ஓடினால் அவருக்குப் பாவம் மாதிரி.

தம்பியின் சாஃப்ட்வேர் செய்வதும் அதையேதான். நியூசிலாந்தின் செராட்டோ, பெர்லினில் பிறந்த டிராக்டர், இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ் என்று எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது ஒரு நோட்டு. பாட்டு அதில் இல்லை. பாட்டு இருக்கும் விலாசம், நிமிஷத்துக்கு எத்தனை தாளம், எந்த இடத்தில் ஆரம்பிக்கலாம் என்ற குறிப்பு, இவ்வளவுதான். ஃபோல்டரை இடம் மாற்றினால் விலாசம் தப்பு. பாட்டைக் காணோம் என்று கைவிரிக்கும். புதுப் பாட்டெல்லாம் கம்ப்யூட்டர் தாளம். கட்டம் போட்டால் கச்சிதமாக உட்காரும். பழைய இளையராஜா பாட்டில் ஆட்கள் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள் அல்லவா? லேசாக முன்னே பின்னே போகும். அதற்குத் தம்பி கையால்தான் கட்டம் போட வேண்டும். "அப்பா நோட்டு எழுதின மாதிரி நானும் எழுதறேன் அத்தான்" என்றான்.

அந்த ரிசப்ஷனுக்கு நான் போகவில்லை. அப்போது ஒரு ஆடிட்டர் ஆபீசில் வவுச்சருக்கு டிக் அடித்துக் கொண்டிருந்தேன். "வர முடியலைன்னா பரவாயில்லை, பையன் ரெக்கார்டு பண்றான், கேட்டுக்கோ" என்றார் மாமா. 2020-ல் போய்விட்டார். அப்புறம் கேட்கத் தம்பிக்கும் மனசு வரவில்லை, எனக்கும்தான்.

ஐந்து மணிக்குக் கூப்பிட்டார்கள். பாட்டெல்லாம் வந்துவிட்டது, பெயர் இல்லாமல்! எல்லாம் வெறும் நம்பர். தம்பி கலங்கவில்லை. எம்.பி.3 ஃபைலுக்குள்ளேயே பாட்டுப் பெயரும் படத்தின் பெயரும் எழுதி வைத்திருக்கிறான். அதைப் படித்துப் பெயர் சூட்ட சாஃப்ட்வேர் உண்டு. ரெக்கார்டிங்தான் சிக்கல். அது வேவ் ஃபைல். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

இங்கேதான் பி.காம். உதவியது. "எவ்வளவு நேரம் ரெக்கார்டு பண்ணினே?"

"மூணு மணி இருபது நிமிஷம்."

வேவ் ஃபைல் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும். இருநூறு நிமிஷம் என்றால் 2 ஜி.பி. "தம்பி, சைஸ் வாரியா அடுக்குங்க" என்றேன் கடைக்காரப் பையனிடம். மேலே மூன்றே மூன்று ஃபைல். முதலாவது வேறு கல்யாணம். இரண்டாவதுதான்!

ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டோம். திரையில் ஒலி அலை தடிமனாக ஓடியது. ஒன்றே முக்கால் மணி நேரத்தைத் தாண்டி ஓர் இடத்தில் சட்டென்று இளைத்தது. "இங்கேதான்" என்றான் தம்பி.

ஒரு ராஜா பாட்டு. ராத்திரி நேரத்துக்கென்றே பிறந்த பாட்டு. மெல்ல மெல்லத் தணிந்தது. காதை அழுத்திக் கேட்டேன். பாட்டுதான் ஓடியது, அடி ஆழத்தில். மாமாவின் குரல் இல்லை.

கடைக்காரப் பையன் தயங்கினான். "மைக்கை எதுல சொருகினீங்க?"

"கன்ட்ரோலர் பின்னாடி..."

"அது நேரா ஸ்பீக்கருக்குப் போயிருக்கும் சார். சாஃப்ட்வேர் தான் போடற பாட்டை மட்டும்தான் பதியும். நிறைய பேருக்கு இப்படி ஆயிருக்கு."

தம்பி ஹெட்போனைக் கழற்றவில்லை. ஓட்டத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினான். மறுபடி பாட்டு தணிந்ததும் அவனே பேச ஆரம்பித்தான், மாமாவின் இழுவையோடு.

"பையனோட அப்பாவுக்கு எண்பத்தெட்டுல நான்தான் கேசட் போட்டுக் குடுத்தேன். பி சைடுல கடைசிப் பாட்டு பாதியில நின்னுடுச்சு. என் கணக்கு தப்பினது அந்த ஒரு தடவைதான். சண்டைக்கு வந்தார். அந்த மீதிப் பாட்டை இன்னிக்கு என் பையன் போடறான். டேய், ஏத்துடா!"

பாட்டு ஏறியது. அந்த 'டா'வுக்கு அரை செகண்ட் தள்ளி, அன்றைக்கு அவன் கை ஏற்றிய இடத்தில்.

கடையை மூடுகிற நேரம். பையன் ஸ்டாப் அமுக்கவில்லை. பாட்டு முடிகிற வரை ஓடவிட்டு, அப்புறம் கேட்டான்:

"எத்தனை காப்பி சார்?"

"மூணு" என்றான் தம்பி.

இறங்கும்போது கீழ்க்கடையில் கையகல ரெக்கார்டர் ஒன்று வாங்கினான். ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரிலிருந்தே எடுத்துப் பதியுமாம். பேச்சும் விழும், பாட்டும் விழும். நானூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினேன். இந்தத் தடவை அவன் கையை அழுத்தவில்லை.