உப்பைக் குறைத்தால் மட்டும் போதுமா?

இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம், "உப்பைக் குறையுங்கள்" என்று கூறாத மருத்துவர் இல்லை. ஆனால் பொட்டாசியம் என்னும் சத்தைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. மிகுதியான சோடியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றி, இரத்தக் குழாய்களின் இறுக்கத்தைத் தளர்த்த உதவுவது இச்சத்தே. வயது வந்தோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் தேவை என உலக சுகாதார நிறுவனம் 2012-இல் பரிந்துரைத்தது.

இதற்கு மாத்திரை தேட வேண்டியதில்லை. எங்கள் கருமத்தம்பட்டியில் இளநீரும் வாழைப்பழமும் முருங்கைக் கீரையும் எளிதில் கிடைக்கின்றன. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம் உண்டு. கொள்ளு வேகவைத்த நீரைக் கொட்டிவிடாமல் இரசமாக்கும் கொங்கு நாட்டு வழக்கம் போற்றத்தக்கது. ஏனெனில், வேகும்போது இச்சத்தில் ஒரு பகுதி நீரில் கரைந்துவிடுகிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை. என் அத்தாவுக்குச் சிறுநீரகம் தளர்ந்தபின், எனக்கு நன்மை தரும் இளநீர் அவருக்கு விலக்கப்பட்டது. வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். ஆகவே அவருக்குரிய காய்கறிகள் மட்டும் நிறைய நீரில் வேகவைத்து வடிக்கப்படுகின்றன. ஒரே அடுப்பில் இருவேறு சமையல்! சகோதரிகளே, சிறுநீரக நோயாளரும் இரத்த அழுத்த மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவை மாற்றுதல் நலம்.