மடியில் தொடங்கும் பாட்டு

கோவையிலிருந்து அவிநாசிச் சாலையில் கிழக்கு நோக்கிச் சென்று, கருமத்தம்பட்டியில் சோமனூர்ப் பக்கம் திரும்பினால், ஊரைக் காண்பதற்கு முன்பே அதன் ஓசையைக் கேட்டுவிடலாம். விசைத்தறிகளின் இடையறாத தடதடப்பு அது. அந்த ஓசைக்கு நடுவேதான் அவ்வூர்க் குழந்தைகள் உறங்குகின்றன, தவழ்கின்றன, நடை பயில்கின்றன. தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் சேலைத் தொட்டில் கட்டி, காலால் அதனை ஆட்டிக்கொண்டே கையால் தார் சுற்றும் தாய்மாரை முன்பெல்லாம் கண்டிருக்கிறேன். தறியின் இரைச்சலையும் மீறி அவர்கள் வாயில் ஒரு தாலாட்டு இருக்கும்.

அண்மையில் அதே தெருவில் ஒரு வீட்டுக்குச் சென்றேன். தொட்டில் இருந்தது, குழந்தையும் இருந்தது. ஆனால் தொட்டிற் கயிற்றில் கைப்பேசி ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. பத்து மாதக் குழந்தை கண் இமைக்காமல் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாயைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இரவுப் பணி முடிந்து வந்தவள் அவள். "எனக்குப் பாட வராதுங்க. இதுன்னா நல்லாப் பாடுதுங்க" என்றாள். அச்சொற்கள் என் நெஞ்சில் தைத்தன. தன் பிள்ளைக்குத் தன் குரலைவிட ஒரு கருவியின் குரலே மேலானது என்று ஒரு தாய் நம்பத் தொடங்கிவிட்டாளே! இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஆயினும், வேண்டாம் என்பது மட்டும் போதுமா? அதற்கு மாற்றாக எதனைக் கொடுப்பது?

இந்த எண்ணத்தோடுதான், மூன்று வயதுக்கு உட்பட்ட மழலைகளும் பெற்றோரும் வாரம் ஒருமுறை கூடிப் பாடுவதற்குச் சென்ற ஆண்டு ஏற்பாடு செய்தோம். எண்ணம் நல்லதே, ஏற்பாடுதான் பிழைபட்டது. நாற்பது குடும்பங்களை ஒரே மண்டபத்தில் கூட்டினோம். ஒலிபெருக்கி வைத்தோம். பதிவு செய்த பாடல்களை முழங்கவிட்டோம். கால்மணி நேரத்திற்குள் பாதிக் குழந்தைகள் வீறிட்டு அழுதன. தாய்மார் சுவரோரம் ஒதுங்கி நின்றனர். எண்பது வயதை எட்டிய மூதாட்டி ஒருவர் தம் கொள்ளுப்பேத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க சாமி, பொட்டி பாடுனாப் புள்ளைக்கு எப்படிங்க பசியாறும்? பெத்தவ பாட வேண்டாமுங்களா?"

விடை கூற இயலாமல் நின்றேன். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே கொங்கு நாட்டின் சில ஊர்களுக்குச் சென்று வந்தேன். கற்றதைப் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

முதலில் சென்றது பெரியநாயக்கன்பாளையம். மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள இவ்வூரில், தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் இருக்கிறது. அங்கே தலைமையாசிரியராகப் பணியாற்றியவர் பெரியசாமித் தூரன். ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்து 1987-இல் மறைந்தவர். தமிழிசை மேடைகளில் அவருடைய கீர்த்தனைகள் இன்றும் ஒலிக்கின்றன. தமிழின் முதற் கலைக்களஞ்சியத்தையும், அதன்பின் குழந்தைகளுக்கென 10 தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியத்தையும் பதிப்பித்த பெருமகன் அவர். ஆனால் என்னை அவ்வூருக்கு ஈர்த்தது வேறொன்று. குழந்தையின் உள்ளத்தைப் பற்றித் தமிழில் எளிய நூல்கள் எழுதிய அதே தூரன், உழவரும் தாய்மாரும் பாடிய நாட்டுப் பாடல்களைக் கேட்டுத் தொகுத்து, 'காற்றில் வந்த கவிதை' என்னும் நூலாகத் தந்தார். இசைப் புலமை நிறைந்த ஒருவர், எழுத்தறியாத தாயின் பாட்டை இழிவாகக் கருதவில்லை. அதனைப் போற்றத்தக்க செல்வமாகக் கண்டார். "பாட வராது" என்று கூறும் நம் தாய்மாருக்கு இதனினும் சிறந்த மறுமொழி உண்டோ?

அங்கிருந்து வடக்கே, மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி. வள்ளி ஒயில் கும்மியைப் பல்லாண்டுகள் கற்பித்த பத்ரப்பன் அவர்களின் ஊர் இது. அவருக்கு 2024-இல், தம் 87-ஆம் வயதில், பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது கொங்கு நாடே மகிழ்ந்தது. ஆடவர் மட்டுமே ஆடி வந்த அக்கலையைப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தவர் என்பது அவருக்குரிய தனிச்சிறப்பு.

இக்கும்மியை நம் ஊர்த் திருவிழாக்களில் பலரும் கண்டிருப்பீர்கள். அதன் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் ஓர் அடி பாடுகிறார். சுற்றிலும் நிற்பவர் அதனை ஏற்றுப் பாடுகின்றனர். ஒரே தாளத்திற்கு எல்லாருடைய காலும் எழுகின்றது, கையும் எழுகின்றது. தவறுபவரை எவரும் வெளியேற்றுவதில்லை. அடுத்த சுற்றில் அவர் தாமே சேர்ந்துகொள்கிறார். நாங்கள் நடத்திய கூட்டத்தில் இவற்றுள் எது இருந்தது? பாடுவதற்கு ஒரு பெட்டி. கேட்பதற்கு ஒரு கூட்டம். அவ்வளவே!

ஊர் திரும்பியபின் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தை மீண்டும் புரட்டினேன். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னன்மீது பாடிய காலம் முதல், குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவது நம் புலவர் மரபு. ஐந்தாம் மாதத்தையொட்டிக் கையூன்றித் தலைநிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை. நாவசைத்து ஒலியெழுப்புவதும் தாலாட்டுக் கேட்பதும் தால். ஒன்பதாம் மாதத்தையொட்டிக் கைகொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. நிலவை அழைப்பது அம்புலி. சிறிய பறையைக் கொட்டி மகிழ்வது சிறுபறை. மாதக் கணக்கு நூலுக்கு நூல் சிறிது வேறுபடினும் வரிசை மாறாது. அசைவு, ஒலி, கைத்தட்டு, நடை, கொட்டு! மழலையர் இசைக் கூட்டத்திற்கு இதைவிடத் தெளிவான திட்டத்தை எங்கே தேடுவது?

இவ்வழியில் நாம் தனித்து நிற்கவில்லை. ஹங்கேரி நாட்டு இசைமேதை சோல்தான் கோடாய் 1905 முதல் சிற்றூர்களுக்குச் சென்று மக்கள் பாடல்களைத் திரட்டினார். பச்சிளம் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டவேண்டிய இசை தாய்மொழி நாட்டுப்பாடலே என்று வலியுறுத்தினார். கனடா நாட்டு மெக்மாஸ்டர் பல்கலைக்கழக அறிஞர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வொன்றும் கருதத்தக்கது. ஆறு மாதக் குழந்தைகளைப் பெற்றோருடன் வாரந்தோறும் வரவழைத்து, ஆறு திங்கள் இரு பிரிவாக நடத்தினர். ஒரு பிரிவில் பெற்றோரும் குழந்தைகளும் தாமே பாடினர், தட்டினர், அசைந்தாடினர். மறு பிரிவில் இசைத்தட்டு பின்னணியில் ஒலிக்க விளையாடினர். தாமே பாடிய பிரிவின் குழந்தைகள் மிகுதியாகப் புன்னகைத்தன. எளிதில் ஆறுதல் அடைந்தன. விரும்பிய பொருளைச் சுட்டிக் காட்டவும் கையசைத்து விடைபெறவும் முந்திக்கொண்டன. அதே பல்கலைக்கழகத்தார் 2014-இல் வேறோர் உண்மையைக் கண்டனர். தம்மோடு ஒரே தாளத்தில் அசைந்தாடிய ஒருவர் ஏதேனும் பொருளைக் கீழே தவறவிட்டால், பதினான்கு மாதக் குழந்தைகள் அதனை எடுத்துக் கொடுக்கப் பெரிதும் முன்வந்தன. சேர்ந்தாடும் கும்மிக்குள் அன்பின் விதையும் இருக்கிறது என்பதை இதனால் உணர்கிறோம். அந்த மூதாட்டி ஒரே வினாவில் சொன்னதும் இதுவே அன்றோ?

இவ்வளவும் அறிந்தபின் இரண்டாம் முறை தொடங்கினோம். முதலில் அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சென்று, எங்களுக்கு வழிகாட்டுமாறு வேண்டிக்கொண்டேன். சிரித்துக்கொண்டே இசைந்தார். தத்தம் ஊரிலும் அன்பியத்திலும் இதனைத் தொடங்க விழைவோருக்காக நாங்கள் கைக்கொண்ட முறையைக் கூறுகிறேன்.

பத்துக் குடும்பங்களுக்கு மேல் சேர்ப்பதில்லை. மிகுந்தால் வேறொரு குழு. அரைமணி நேரமே கூட்டம். குழந்தை உறங்கி எழுந்து பசியாறியிருக்கும் பொழுதாகப் பார்த்து, ஒரே நாளில், ஒரே நேரத்தில் கூடுவது. நாற்காலி இல்லை, மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. தரையில் பாய் மட்டும். வாயிலில் ஒரு கூடை. கைப்பேசிகள் எல்லாம் அதனுள்.

ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சேர்த்து வரவேற்புப் பாட்டோடு தொடங்குகிறோம். அடுத்து மடியில் அமர்த்தி அசைந்தாடும் பாட்டு, பின் சப்பாணி, அதன்பின் நடக்கும் பிள்ளைகள் கையைப் பிடித்தும், நடவாத பிள்ளைகளை இடுப்பில் ஏந்தியும் ஒரு சுற்றுக் கும்மி, தொடர்ந்து கொட்டாங்குச்சியும் கிலுகிலுப்பையும் கொண்டு சிறுபறை. இறுதியில் எல்லாரும் அமர்ந்து மெல்லிய குரலில் தாலாட்டு. தொடக்கமும் முடிவும் எந்த வாரமும் மாறுவதில்லை. பழகிய பாட்டைக் கேட்டதும் குழந்தைக்கு அச்சம் நீங்குகிறது. புதுப்பாட்டு வாரத்துக்கு ஒன்றே. அதனையும் நான்கைந்து முறை மெதுவாகப் பாடுகிறோம். கிலுகிலுப்பையின் மணிகள் வெளியே விழாதபடி இறுகத் தைத்திருக்க வேண்டும். மழலைகள் கைக்கெட்டியதை எல்லாம் வாயிலிட்டுக் கொள்ளும்.

எழுந்து ஓடும் குழந்தையை இழுத்து அமர்த்துவதில்லை. அது சுவரைப் பார்த்து நின்றாலும் காது நம்மிடமே இருக்கும். வீட்டுக்குப் போனபின் அதே பாட்டுக்குக் கைகொட்டும். எந்தக் குழந்தையையும் பாடிக் காட்டுமாறு கேட்பதும் இல்லை. இது கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை அன்று. பெற்றோர் கற்றுச் சென்று, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பாடுவதற்கான பயிற்சி. அரைமணி நேரக் கூட்டத்தின் பயன் எஞ்சிய வாரம் முழுவதும் வீட்டில் விளைய வேண்டும்.

நம் மாநிலத்தின் அங்கன்வாடிகளிலும் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டத்தின்படி பிள்ளைகள் பாடுகின்றனர். அது இரண்டு வயதுக்குப் பின் தொடங்குவது. அதற்கு முந்திய மாதங்களின் பள்ளி தாயின் மடியே.

தந்தையரும் வந்தனர். தறி ஓட்டும் ஒருவர், தமக்குக் குரல் இல்லை என்று கூறிப் பாயில் விரலால் தாளமிட்டார். அது தறியின் தாளம்! அவருடைய மகன் அதைக் கேட்டுக் குதித்த குதிப்பை நாங்கள் எவரும் மறக்கவில்லை. நூற்பாலையில் பணிபுரியும் ஒடிசா மாநிலத் தாய் ஒருத்தி முதல் இரு வாரமும் பேசாமலே அமர்ந்திருந்தாள். மூன்றாம் வாரம் தன் மொழியில் ஒரு தாலாட்டைத் தயங்கித் தயங்கிப் பாடினாள். பொருள் எங்களுக்கு விளங்கவில்லை. அவள் மடியிலிருந்த குழந்தைக்கு விளங்கியது.

"எனக்குப் பாட வராதுங்க" என்றாளே, அந்தத் தாயும் வந்தாள். நான்கு வாரங்கள் உதட்டை மட்டும் அசைத்தாள். ஐந்தாம் வாரம் தாலாட்டின்போது குழந்தை திரும்பி அவள் வாயைத் தன் சிறுகையால் தொட்டது. அன்றுதான் அவள் குரல் வெளிப்பட்டது. சுருதி சேர்ந்ததா என்று எவரும் பார்க்கவில்லை.

தை மாதத்தில் அம்மூதாட்டி இறைவனடி சேர்ந்தார். அவருடைய பாட்டு எதுவும் ஏட்டில் இல்லை. எங்கள் முதற் கூட்டம் போலவே எல்லாம் தொடர்ந்திருந்தால், அவை அவரோடு மண்ணுக்குள் சென்றிருக்கும். அடக்கம் முடிந்த மறுவாரமும் கூடினோம். அசைந்தாடும் பாட்டை யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் எடுத்தவள், பாட வராது என்று சொன்ன அந்தத் தாய்தான்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் வீட்டிலும் ஓர் ஆத்தாவோ அமுச்சியோ இருக்கலாம். இன்று மாலை அவர் அருகில் குழந்தையோடு அமர்ந்து, "எனக்குப் பாடிய பாட்டை இவனுக்கும் பாடுங்க" என்று கேளுங்கள். அவர் பாடும்போது நீங்களும் சேர்ந்து பாடுங்கள்.